உ.வே.சாமிநாதையர் கற்ற தமிழும் இசையும்: 19ஆம் நூற்றாண்டுத் தனி ஆசிரியர்களின் பாடமுறை

முன்னுரை

தமிழ்நாட்டில் பள்ளியும் கல்லூரியும் பரவுவதற்கு முன், மொழியையும் இசையையும் கற்க விரும்பிய ஒருவர் ஓர் ஆசிரியரைத் தேடிச் சென்று, அவருடைய வீட்டிலோ அருகிலோ தங்கிக் கற்றார். பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் அங்கு இல்லை. மாணவரின் தகுதியை அறிந்து எதை, எப்போது, எவ்வளவு கற்பிப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். இம்முறை எவ்வாறு நடைபெற்றது என்பதை அறிய நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சான்று, 'தமிழ்த் தாத்தா' என்று போற்றப்படும் உ.வே.சாமிநாதையரின் (1855–1942) கல்வி வரலாறு. அவர் இசைவாணர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தமிழ்ப் புலவர் ஒருவரின் மாணவராக வளர்ந்தவர். இரண்டு கல்வியையும் தனி ஆசிரியர்களிடமே பெற்றவர். ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்றை விட வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர் எழுதிய 'என் சரித்திரம்' என்னும் தன்வரலாறும், தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாறும் இச்செய்திகளை விரிவாகத் தருகின்றன.

அக்காலத்தில் மொழியும் இசையும் கற்பிக்கப்பட்ட முறை, அவ்விரண்டுக்கும் இருந்த ஒற்றுமை, மாயூரத்தில் அவை மோதிய நிகழ்ச்சி, அதன் விளைவு ஆகியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திண்ணைப் பள்ளியும் அதற்கு மேற்பட்ட கல்வியும்

அக்காலச் சிறுவர்களின் தொடக்கக் கல்வி திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நடைபெற்றது. மணலில் விரலால் எழுதி எழுத்துகளைப் பழகுவர். பின்னர்ப் பனையோலையில் எழுத்தாணியால் எழுதக் கற்பர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், சதகங்கள், எண்சுவடி, நிகண்டு ஆகியவற்றை மனப்பாடம் செய்வர். ஒருவர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறையே அங்கு இருந்தது. கணக்கு எழுதவும் கடிதம் படிக்கவும் இந்தக் கல்வி போதுமானதாக இருந்தது.

இலக்கியமும் இலக்கணமும் கற்க விரும்பியவர்கள் இதற்கு மேல் தனி ஆசிரியரைத்தான் நாட வேண்டும். நூல்கள் பெரும்பாலும் ஏட்டுச்சுவடிகளாக இருந்தன. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொற்களுக்கு இடையே இடைவெளி இராது. அடி பிரித்து எழுதும் வழக்கமும் இல்லை. ஒரு செய்யுளை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதை ஒருவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தாலன்றிச் சுவடி கையில் இருந்தும் பயன் இல்லை. இதனாலேயே நூலைக் கற்பதைப் 'பாடம் கேட்டல்' என்றும், கற்பிப்பதைப் 'பாடம் சொல்லுதல்' என்றும் வழங்கினர். கல்விக்குக் கண்ணைவிடக் காது முதன்மையாக இருந்ததை இச்சொற்களே உணர்த்துகின்றன.

மொழி கற்பித்த முறை

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் இந்தப் பாடமுறையின் இலக்கணத்தைக் கூறுகிறது. நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணாக்கர், கற்கும் முறை என ஐந்து செய்திகளை அது விளக்குகிறது. மாணவரின் அறிவு எந்த அளவுக்கு ஏற்கும் என்று அறிந்து, அதற்கு ஏற்பப் பாடம் சொல்ல வேண்டும் என்பது அதில் ஆசிரியருக்கு வகுக்கப்பட்ட விதி. மாணவரைத் தலை, இடை, கடை என மூவகையாகப் பிரித்து, அன்னமும் பசுவும் முதல் வகைக்கும், மண்ணும் கிளியும் இரண்டாம் வகைக்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை மூன்றாம் வகைக்கும் உவமையாகச் சொல்லப்பட்டுள்ளன.

இதில் மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கல்வியில் கால் பங்குதான் கிடைக்கும் என்கிறது நன்னூல். உடன் கற்பவரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கு வந்து சேரும். தனி ஆசிரியரிடம் கற்பது என்றால் ஆசிரியரும் மாணவரும் மட்டும் எதிரெதிரே அமர்ந்திருப்பது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மூத்த மாணவர் இளையவருக்குப் பாடம் சொல்வது அம்முறையின் இன்றியமையாத பகுதியாகும்.

பாடம் நடைபெற்ற விதம் எளிமையானது. மாணவர் செய்யுளைப் படிப்பார். ஆசிரியர் சொற்களைப் பிரித்துக் காட்டுவார். பிறகு பதவுரை, பொழிப்புரை, அதற்கு மேல் இலக்கணக் குறிப்பும் வேறு நூல்களிலிருந்து மேற்கோளும் வரும். மறுநாள் மாணவர் அதனை ஒப்பிக்க வேண்டும்.

தொடக்கத்தில் பெருங்காப்பியங்களைக் கற்பிப்பது வழக்கமில்லை. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை போன்ற சிற்றிலக்கியங்களே முதலில் வரும். அவற்றுள்ளும் யமக அந்தாதிகளுக்கும் திரிபு அந்தாதிகளுக்கும் தனி இடம் இருந்தது. யமகம் என்பது ஒரே எழுத்துத் தொடர் நான்கு அடிகளிலும் வெவ்வேறு பொருளில் வருவது. திரிபு என்பது முதல் எழுத்து மட்டும் மாறி மற்றவை ஒன்றிவருவது. இவற்றைப் படிக்கும் மாணவர் ஒரே ஒலித்தொடரை நான்கு விதமாகப் பிரித்துப் பழகுகிறார். ஒரு செய்யுளின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக இருப்பதால் நூறு செய்யுளையும் வரிசை தவறாமல் நினைவில் வைக்க முடிகிறது. இன்று இவ்வகை நூல்களைச் 'சொல் விளையாட்டு' என்று ஒதுக்கிவிடுகிறோம். புள்ளியும் இடைவெளியும் இல்லாத சுவடியைப் படிக்க வேண்டிய மாணவருக்கு அது மிகப் பயனுள்ள பயிற்சியாக இருந்தது.

இசை கற்பித்த முறை

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை ஒழுங்கு செய்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களில் அலங்காரம், அதன்பின் கீதம், வர்ணம், கீர்த்தனை என்பது பாட வரிசை. ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலத்திலும் பாடிப் பழக வேண்டும். ஆசிரியர் பாடுவார், மாணவர் அதனைக் கேட்டு அவ்வாறே பாடுவார். சுரங்களை ஏட்டில் எழுதிக்கொண்டாலும் கமகத்தை எழுத இயலாது. அதை ஆசிரியரின் வாயிலிருந்து காதால்தான் பெற வேண்டும். இவ்வாறு வழிவழியாக வந்த பாடலமைப்பைப் 'பாடாந்தரம்' என்றனர்.

மொழிக்கும் இசைக்கும் உள்ள ஒற்றுமையை இங்குக் காணலாம். இரண்டிலும் சிறு அலகுகளைப் பலவாறு சேர்த்தும் பிரித்தும் பழகுவது முதல் படி. ஜண்டை வரிசை இசையில் செய்கிற வேலையை யமக அந்தாதி மொழியில் செய்கிறது. இரண்டிலும் மனப்பாடம் அடிப்படை. அதன்மேல்தான் விளக்கமும் கற்பனையும் எழும்பும். இரண்டிலும் ஆசிரியரின் குரலே பாடநூல்.

சாமிநாதையரின் குடும்பத்தில் இசை ஏற்கெனவே ஊன்றியிருந்தது. உடையார்பாளையம் ஜமீனில் வித்துவானாக விளங்கியவரும், தமிழில் பல பதங்கள் இயற்றியவருமான கனம் கிருஷ்ணையர் அவர்களுக்கு உறவினர். கிருஷ்ணையர் பச்சிமிரியம் ஆதியப்பையரிடம் இசை கற்றவர். பின்னர், தஞ்சைக்கு வந்த பொப்பிலி கேசவையா என்னும் வித்துவானிடம் கன மார்க்கம் என்னும் பாடும் முறையைக் கற்றார். கனம், நயம், தேசிகம் என்று அக்காலத்தில் வழங்கிய மூன்று மார்க்கங்களில் கனம் மிகுந்த உடல் வலிமையும் நீண்ட சாதகமும் வேண்டுவது. அதில் தேர்ச்சி பெற்றதால்தான் 'கனம்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இந்தக் கிருஷ்ணையரிடம் குருகுலமாகத் தங்கி இசை கற்றவர் சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர். அவர் இராமாயணக் கதாகாலட்சேபம் செய்து குடும்பம் நடத்தினார். அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகள் அவருக்குப் பெரிதும் உதவின. தம் மகனும் இசையில் தேர்ச்சி பெற வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக

சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தார். சொந்த ஊர் கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். இளமையில் இசையைத் தந்தையாரிடமே கற்றார். தமிழின்மேல் விருப்பம் எழுந்தது அரியலூரில் சடகோபையங்காரிடம். அவர் தமிழிலும் இசையிலும் பயிற்சி உடையவர். ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் அதன் சுவையில் தாமே தோய்ந்து நெடுநேரம் விளக்குவார். பல செய்யுளை விரைந்து முடிப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. 'இதில் இவ்வளவு இருக்கிறதா' என்ற வியப்பைச் சிறுவனின் உள்ளத்தில் அவர் உண்டாக்கினார். தொடக்க நிலை மாணவருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்த வியப்பு பிறகு அடங்கவில்லை. மகனின் தமிழ்ப் பசிக்கு ஏற்ற ஆசிரியர் எந்த ஊரில் கிடைப்பாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து செல்வது தந்தையாரின் வழக்கமாயிற்று. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டப் பகுதிகளில் பலரிடம் சாமிநாதையர் பாடம் கேட்டார். விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகையைக் கற்றார். ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தெரிந்த நூல்களைச் சொல்லிக்கொடுத்தார். அவை முடிந்ததும் அடுத்த ஊர்.

செல்லுமிடங்களில் ஊரார் நெல்லும் பிற பொருள்களும் கொடுத்து ஆதரித்தனர். தந்தையார் கதை சொல்லி ஈட்டியது மகனின் கல்விக்குச் செலவாயிற்று. தமிழ்க் கல்வி இசையின் வருவாயால் நடந்தது என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க செய்தி. தமிழ் படித்து என்ன ஆகும், ஆங்கிலம் படித்தால் வேலை கிடைக்கும், வடமொழி படித்தால் மறுமைக்கு ஆகும் என்று உறவினர் பேசியதையும் சாமிநாதையர் பதிவு செய்துள்ளார்.

மாயூரத்தில் இரண்டு ஆசிரியர்கள்

1871ஆம் ஆண்டு சாமிநாதையர் தந்தையாருடன் மாயூரம் சென்றார். அது இன்றைய மயிலாடுதுறை. அங்கு வாழ்ந்த திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அக்காலத் தமிழ்ப் புலவர்களுள் தலைமையானவர். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் பிறந்த அவர், தாமும் தனி ஆசிரியர் பலரைத் தேடிக் கற்றவரே. தண்டியலங்காரம் அறிந்திருந்த ஒரு பரதேசி, ஊரில் பிச்சையெடுத்து வாழ்ந்தார். அவர் பின்னாலேயே சென்று, அவருக்கு வேண்டியவற்றைச் செய்து அந்நூலைக் கற்றார் என்ற செய்தியைச் சாமிநாதையர் எழுதியுள்ளார். கற்பதற்கு அலைந்த துன்பம் தெரிந்தவராதலால், கற்க வந்தவரைப் பிள்ளையவர்கள் அன்போடு நடத்தினார். ஆயினும் பலர் வந்து சில நாளில் விட்டுச் சென்ற அனுபவத்தால், புதியவரை ஏற்பதில் முதலில் தயக்கம் காட்டினார். நைடதத்திலிருந்து செய்யுள் சொல்லச் சொல்லிக் கேட்ட பின்பு ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்ற பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று வழங்கச் செய்தவரும் அவரே.

அதே மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். மகன் தமிழில் இறங்கினாலும் இசையை அடியோடு விட்டுவிடக் கூடாது என்பது தந்தையாரின் எண்ணம். ஆகவே பாரதியாரிடம் சென்று இசை கற்று வருமாறு ஏற்பாடு செய்தார். பாரதியாரும் மனமுவந்து கீர்த்தனைகளைக் கற்பித்தார். ஒரே ஊரில், சில தெருக்கள் இடைவெளியில், தமிழுக்கு ஒருவரும் இசைக்கு ஒருவருமாக இரண்டு பேராசிரியர்கள் ஒரு மாணவருக்கு வாய்த்தனர். இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அது நீடிக்கவில்லை. மாணவர் இசையும் கற்று வருகிறார் என்ற செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தது. அவர் கடிந்து பேசவில்லை. ஆனால் இசையில் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியத்தில் மனம் ஊன்றாது என்ற தம் கருத்தைத் தெரிவித்தார். சாமிநாதையர் அன்றோடு பாரதியாரிடம் இசை கற்பதை நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையவர்கள் இசையை விலக்கியது ஏன்?

பிள்ளையவர்கள் இசையின் அருமை அறியாதவர் என்று கூறிவிட முடியாது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் அவரிடம் பலமுறை வந்தார். கீர்த்தனையின் சில இடங்களில் சொல்லும் இலக்கணமும் வழுவியிருப்பதாகக் கருதிப் பிள்ளையவர்கள் காலம் தாழ்த்தினார். ஒரு நாள் பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்பாடல்களைத் தமக்குள் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளையவர்கள் மனம் கரைந்து, சிறப்புப்பாயிரம் எழுதிக் கொடுத்தார். இலக்கணப் புலவரின் தடையை இசை கடந்து சென்ற நிகழ்ச்சி இது.

அப்படியிருந்தும் மாணவரை இசையிலிருந்து விலக்கியதற்குக் காரணம் அவருடைய பாடமுறையிலேயே இருக்கிறது எனலாம். அவர் செய்யுளைத் தொடர்ந்து, மிகுதியாக, இடைவிடாமல் கற்பிப்பவர். சடகோபையங்கார் போல ஒரு செய்யுளில் நெடுநேரம் தங்குவது அவர் இயல்பு அன்று. கடினமான இடங்களுக்கு மட்டும் விளக்கம் சொல்லி மேலே செல்வார். ஓர் அந்தாதி முடிந்தால் அடுத்தது. பிள்ளைத்தமிழ் முடிந்தால் புராணம். மாணவர் ஊன்றிப் படித்தாலன்றி இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையவர்கள் புராணங்களை வாயால் சொல்லச் சொல்ல, மாணவர் ஓலையில் எழுதுவது வழக்கம். அம்பர்ப் புராணம் போன்ற நூல்கள் உருவானபோது சாமிநாதையர் உடன் இருந்தார். ஒரு பெரும்புலவர் செய்யுளை எப்படித் தொடங்குகிறார், எங்கே நிறுத்துகிறார், எந்தச் சொல்லை மாற்றுகிறார் என்பதை மாணவர் நேரில் காண்கிறார். இதற்கு எந்த நேரத்திலும் ஆசிரியரின் அருகில் இருக்க வேண்டும். இசைக்கும் இதே அளவு சாதகம் வேண்டும். விடியற்காலை நேரமும் புத்துணர்ச்சியுள்ள மனமும் இரண்டுக்கும் தேவை. இரண்டு குருகுலங்களுக்கு ஒரு மாணவரிடம் போதிய நாள் இல்லை என்பதே உண்மை நிலை.

இருப்பினும் இந்த முடிவில் ஓர் இழப்பு இருந்தது. கனம் கிருஷ்ணையரிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் வந்த பாடாந்தரம் அந்த வீட்டில் தொடராமல் நின்றது. தந்தையாரின் நெடுநாள் விருப்பம் நிறைவேறவில்லை. மாணவர் நலத்துக்காகவே ஆசிரியர் சொன்னாலும், ஒருவர் சொன்ன ஒரு கருத்தில் ஒரு மரபின் போக்கு மாறிவிட்டது. தனி ஆசிரியர் முறையின் வலிமையும் ஆபத்தும் இந்த ஓரிடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

விட்ட இசை உதவிய இடங்கள்

கற்ற இசை வீணாகவில்லை. பிள்ளையவர்களுடன் திருவாவடுதுறை ஆதீனத்துக்குச் சென்றபோது, அங்குத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் தமிழ், வடமொழி, இசை மூன்றையும் போற்றுபவராக இருந்தார். மகா வைத்தியநாதையர் போன்ற வித்துவான்களை ஆதரித்தவர் அவர். சாமிநாதையர் செய்யுள்களை இசையோடு படிப்பதைத் தேசிகர் விரும்பிக் கேட்டார். கற்றவர் கூடும் அவையில் இளைஞர் ஒருவரை முன்னிறுத்திய தகுதிகளில் அந்தக் குரலும் ஒன்று.

1876 பிப்ரவரி 1 அன்று பிள்ளையவர்கள் காலமானார். இறுதி நேரத்தில் திருவாசகத்தைக் கேட்க விரும்பினார். அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர். மாணவர் ஆசிரியருக்குச் செய்த கடைசிப் பணி அவருக்குச் செய்யுளை வாய்விட்டுப் படித்துக் காட்டியதுதான். ஐந்து ஆண்டுகள் பாடம் கேட்டவர், அன்று ஆசிரியர் கேட்கப் படித்தார்.

1880இல் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியரானார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவரே. அதன்பின் சாமிநாதையர் தொடங்கிய பதிப்புப் பணியை நாடறியும். 1887இல் சீவக சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை வெளிவந்தன.

இவற்றுள் சிலப்பதிகாரம் நம் பொருளுக்கு நெருக்கமானது. அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் பழந்தமிழ் இசையின் கலைச்சொற்கள் நிறைந்துள்ளன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு சுரங்களும், யாழும் குழலும், பண்ணும் தாளமும் அங்கு வருகின்றன. அரும்பதவுரையும் அடியார்க்குநல்லார் உரையும் அவற்றை விளக்குகின்றன. சிதைந்த ஏடுகளில் இப்பகுதிகளைப் படித்து ஒழுங்குபடுத்தும் பணி, சுரமும் தாளமும் அறியாத ஒருவருக்குக் கூடுதல் கடினமாக இருந்திருக்கும். இளமையில் தந்தையிடமும் பாரதியாரிடமும் கேட்ட பாடம் இங்கே கைகொடுத்தது என்று கருத இடமுண்டு. இந்தப் பதிப்பு வந்த பின்னரே சிலப்பதிகார இசையைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்தது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்தசாகரம் 1917இலும், விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இலும் வெளிவந்தன.

முதுமையில் சாமிநாதையர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவரின் வரலாறுகளையும் எழுதினார். ஒருவர் தந்தையாரின் குரு. ஒருவர் தமக்குச் சில காலம் பாடம் சொன்னவர். ஒருவர் ஆதீனத்தில் தாம் கேட்டு மகிழ்ந்தவர். பாட்டைத் தொடர இயலாதவர், பாடியவர்களின் வரலாற்றைத் தொடர்ந்து காத்தார். அவர் எழுதியிராவிட்டால் இம்மூவரைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது மிகக் குறைவு.

இம்முறையின் குறைகள்

பழைய முறையைப் புகழ்வது எளிது. அதன் குறைகளையும் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நல்ல ஆசிரியர் கிடைப்பது தற்செயலாக இருந்தது. ஊர் ஊராகக் குடும்பத்தைப் பெயர்க்கத் துணிந்த தந்தை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், திண்ணைப் பள்ளியோடு நின்றிருப்பார்கள்?

இரண்டாவது, எல்லோருக்கும் கதவு திறந்திருக்கவில்லை. பிள்ளையவர்கள் தம் அளவில் பரந்த உள்ளம் உடையவர். அவருடைய அன்புக்குரிய மாணவர்களுள் ஒருவரான சவேரிநாத பிள்ளை கிறித்தவர். நீதிபதியாக மாயூரத்தில் இருந்த வேதநாயகம் பிள்ளையும் கிறித்தவரே. அவர் பிள்ளையவர்களுக்கு நெருங்கிய நண்பர். ஆனால் பொதுவாகச் சாதியும் உணவு வழக்கமும் யார் யாரோடு தங்கிக் கற்கலாம் என்பதை வரையறுத்தன. சாமிநாதையருக்கே மாயூரத்தில் உணவுக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இக்கல்வி எட்டாததாகவே இருந்தது. பெண்களுள் இசையையும் மொழியையும் முறையாகக் கற்கும் வாய்ப்பு, இசையைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்கு வெளியே அரிது. வீணை தனம்மாள் போன்றவர்கள் அத்தகைய குடும்பத்திலிருந்து வந்தவர்கள்.

மூன்றாவது, ஆசிரியருக்கு நிலையான வருவாய் இல்லை. மாணவரிடம் கட்டணம் பெறாமல் பாடம் சொன்ன பிள்ளையவர்கள் மடத்தின் ஆதரவையும் செல்வர்களின் பரிசுகளையும் நம்பி வாழ்ந்தார். அவ்வளவு புகழ் பெற்றவர் கடனோடுதான் மறைந்தார்.

பொதுப்பள்ளிகள் இந்த மூன்று குறைகளையும் பெருமளவு நீக்கின. சம்பளம் பெறும் ஆசிரியர், எல்லோருக்கும் பொதுவான வகுப்பறை, அச்சிட்ட பாடநூல் ஆகியவை வந்ததால்தான் என் போன்றவர்கள் படித்து ஆசிரியராகவும் முடிந்தது. ஆனால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் செய்யுளை வாய்விட்டுப் படிக்கச் சொல்ல நேரம் போதாது என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பணியில் இருந்த நாள்களில், செய்யுளை இசையோடு படித்துக் காட்டிய நாளில் பின்வரிசைப் பிள்ளைகளும் தலை நிமிர்ந்து கேட்டார்கள். தேர்வுக்கு உரிய வினா விடையை எழுதிப்போட்ட நாளில் அப்படி நிமிரவில்லை.

முடிவுரை

சாமிநாதையரின் கல்வியில் மூன்று வகைத் தனி ஆசிரியர்களைக் காண்கிறோம். சடகோபையங்கார் ஒரு செய்யுளில் நின்று சுவையை ஊட்டினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளை பல நூல்களை விரைந்து கற்பித்துப் புலமையை உருவாக்கினார். தந்தையாரும் பாரதியாரும் காதைப் பழக்கினர். மூவகையும் தேவைப்பட்டன. சுவை முதலில் வந்திராவிட்டால் பிள்ளையவர்களின் வேகத்தைத் தாங்கியிருக்க முடியாது. அந்த வேகம் இல்லாவிட்டால் சீவக சிந்தாமணியின் ஏட்டைக் கையில் எடுக்கும் துணிவு பிறந்திராது. காதுப் பழக்கம் இல்லாவிட்டால் சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகள் இன்னும் கடினமாக இருந்திருக்கும்.

இசையை விடச் சொன்ன ஆசிரியரை அவர் வாழ்நாள் முழுதும் தெய்வமாகப் போற்றினார். அதே கையால், தாம் விட்டுவந்த இசையாசிரியரின் வரலாற்றையும் எழுதி வைத்தார். மொழியையோ இசையையோ இன்று தனியாகக் கற்பிப்பவர்களும், பிள்ளைகளை அத்தகைய வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோரும், மாயூரத்தில் நடந்த அந்த நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு மாணவருக்கு எதைக் குறைத்து எதை மிகுதிப்படுத்துவது என்ற கேள்வி இன்றும் நம் முன் இருக்கிறது. குறைத்தது எது என்றாலும், அதுவரை கற்றது ஒருநாள் உதவும் என்பதை 1892ஆம் ஆண்டுச் சிலப்பதிகாரப் பதிப்பு நமக்குக் காட்டுகிறது.